சேற்றில் உள்ளான்

என் மகன் எனக்கு அனுப்பும் குறுஞ்செய்திகளில் பெரும்பாலும் ஒரே ஒரு சொல்தான் இருக்கும். பவளக்காலி. கொஞ்ச நேரம் கழித்து, செந்நாரை. அதன்பின், ஆலா. வேறு யாராவது என் கைபேசியை எடுத்துப் பார்த்தால் பையனுக்கு ஏதோ ஆகிவிட்டது என்றுதான் நினைப்பார்கள். எனக்கோ அந்தச் சொற்கள் எல்லாவற்றுக்கும் பொருள் ஒன்றுதான்: நின்றுகொண்டிருக்கிறேன், விழவில்லை.

அவன் முதல்முறை விழுந்தது செங்காங்கில். நண்பன் வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பும் வழியில், ஓர் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில். நான் சுவா சூ காங்கில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். ஆங்கில அறிவிப்புகளைத் தமிழாக்குவது என் வேலை. மின்தூக்கி பழுதுபார்க்கும் பணியில் உள்ளது. குடியிருப்பாளர்கள் பாதுகாப்பாக உள்ளனர். நோயாளி மயக்க நிலையில் உள்ளார். உள்ளது, உள்ளனர், உள்ளார் என்று பேச்சில் யாரும் சொல்லாத சொற்களை நாள் முழுக்க எழுதிக்கொண்டிருப்பவள் நான்.

கைபேசியில் அவன் பெயர் வந்தது. எடுத்தால் குரல் அவனுடையது இல்லை.

"அம்மாங்களா? இந்த ஃபோன் வச்சிருந்த தம்பி இங்க கெடக்குதும்மா. பயப்படாதீங்க. மூச்சு இருக்கு."

புல் வெட்டும் வேலையில் இருந்தவர். கடல்கடந்து ஊரிலிருந்து வேலைக்கு வந்தவர் என்று பேச்சிலேயே தெரிந்தது. ஆம்புலன்ஸ் வரும்வரை இணைப்பைத் துண்டிக்காமல் பேசிக்கொண்டே இருந்தார். "இப்ப கண்ண தொறக்குதும்மா. இப்ப திரும்பிப் படுக்குதும்மா." அவருக்கு நான் நன்றி சொன்னேனா என்று நினைவில்லை. 'கெடக்குதும்மா' என்ற சொல் மட்டும் காதுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. எழுந்து போகவே இல்லை.

வலிப்பு என்றார்கள். மாத்திரை தந்தார்கள். இன்னொருமுறை வீட்டிலேயே, சமையலறை வாசலில் வந்தது. அதன்பிறகு வரவில்லை. மருத்துவர் பேசும்போது என்னைப் பார்க்கவில்லை, அவனைப் பார்த்துப் பேசினார். தனியாக நீந்தாதே, கார் ஓட்டாதே, நன்றாகத் தூங்கு, மற்றபடி உன் வாழ்க்கையை நீ வாழலாம். கடைசியில் சொன்னதை அவன் கேட்டான். முதலில் சொன்னவற்றை நான் கேட்டேன். ஒரே அறையிலிருந்து இரண்டு வெவ்வேறு செய்திகளோடு வெளியே வந்தோம்.

படிப்பை ஓர் ஆண்டு தள்ளிவைத்தான். வீட்டில் இருந்த மாதங்களில் சன்னலோரம்தான் கிடப்பான். எல்ஆர்டி ரயில் தண்டவாளத்துக்கு மேலே ஒருநாள் பெரிய பறவை ஒன்று சிறகை அசைக்காமலே வட்டமடித்தது. அதைக் கைபேசியில் படமெடுத்தான். படத்தில் ஒரு புள்ளிதான் விழுந்தது. அந்தப் புள்ளி என்ன பறவை என்று தேடுவதில் அவனுக்கு ஒரு பகல் போயிற்று. கடல் கழுகு. பல நாள்களுக்குப் பிறகு அன்றுதான் இரவுச் சாப்பாட்டில் அவனே பேச்சை ஆரம்பித்தான். என் கணவர் மறுவாரமே யாரிடமிருந்தோ பழைய கேமராவும் நீள லென்ஸும் வாங்கிவந்து மேசைமேல் வைத்தார். அவர் அப்படித்தான்.

சனிக்கிழமைகளில் சுங்கை பூலோவுக்குப் போகத் தொடங்கினோம். கிராஞ்சியில் ரயிலை விட்டு இறங்கி பஸ் பிடித்தால் அந்தச் சதுப்புநிலம். கண்டல் மரங்களுக்கு நடுவே பலகைப் பாதைகள், குளங்கள், பறவைகள் கண்ணில் படாமல் நின்று பார்க்க, குளத்தைப் பார்த்தபடி மரத்தாலான மறைவு மேடைகள். அதற்கு அப்பால் நீர், நீருக்கு அப்பால் அண்டை நாட்டு ஜோகூரின் கட்டடங்கள் புகைபோல நிற்கும். வடக்கே எங்கோ பனி விழத் தொடங்கியதும் அங்கிருந்து கிளம்பும் கரைப்பறவைகள் இங்கே வந்து இறங்குகின்றன. வெளியே கடல் ஏறும்போது அவை மேயும் சேறு மூழ்கிவிடும். அப்போது எல்லாம் உள்ளே இருக்கும் குளங்களுக்கு வந்து ஒற்றைக் காலில் நின்று தூங்கும். படமெடுப்பவர்கள் அந்த நேரத்தைக் கணக்குப் பண்ணித்தான் வருவார்கள்.

நான் அவன் முதுகுக்குப் பின்னாலேயே நடப்பேன். அவன் குனிந்தால் நானும் குனிவேன். அவன் நின்றால் என் கை தானாக அவன் முழங்கைக்குப் போகும்.

"அம்மா, நீங்க என் பின்னாடி நடந்தா பறவைக்கெல்லாம் போலிஸ் வந்த மாதிரி இருக்கு."

"பறவை சொல்லுச்சா?"

"சொல்லாமலே பறந்து போயிருதே. அதான் சொல்றேன்."

கடைசியில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். நான் நுழைவாயிலுக்குப் பக்கத்தில் மரநிழல் பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். அவன் உள்ளே போய், நன்றாக இருப்பதாக அவ்வப்போது செய்தி அனுப்புவான். முதல் வாரம் 'ஓகே' என்று அனுப்பினான். மறுபடி 'ஓகே'. மறுபடி. வெளியே வந்தவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான்.

"ஓகே ஓகேன்னு அனுப்பிட்டே இருக்க நான் என்ன ரோபோவா? பாக்குறத அனுப்புறேன். ஒரு பேர்ட், ஒரு மெசேஜ். பேர்ட் பேர் வந்துச்சுன்னா நான் உயிரோட இருக்கேன்னு வச்சுக்குங்க."

"அந்த வார்த்தைய சொல்லாத. சரி, அனுப்பு. ஆனா தமிழ்ல அனுப்பு."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. வேலைப் பழக்கமாக இருக்கலாம். அவனிடமிருந்து எதையாவது கூடுதலாகக் கேட்க வேண்டும் என்று தோன்றியிருக்கலாம். அதன்பிறகு மாலைகளில் இருவரும் அவன் எடுத்த படங்களைப் பெரிதாக்கிப் பார்ப்போம். அவன் ஆங்கிலப் பெயரைச் சொல்வான், நான் தமிழ்ப் பெயரைத் தேடிக் கொடுப்பேன். சிவந்த கால் உள்ளது பவளக்காலி. பச்சைக் கால் உள்ளது பச்சைக்காலி. பஞ்சுருட்டான் என்ற பெயரைக் கேட்டுவிட்டு அவன் நாற்காலியில் சாய்ந்து சாய்ந்து சிரித்தான்.

"பஞ்சு சுருட்டுறவனா? என்னம்மா, மெத்தைக் கடை ஆளா?"

படம் நன்றாக வந்திருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது என ஒருநாள் கேட்டேன். "கண்ணப் பாருங்க" என்றான். "கண்ணு மட்டும் ஷார்ப்பா இருந்தா போதும். மத்ததெல்லாம் மங்கலா இருந்தாலும் படம் படம்தான்." அதன்பிறகு அவன் படங்களில் நான் முதலில் கண்ணைத்தான் தேடினேன். சேறு, நீர், இலை எல்லாம் கரைந்து போயிருக்க, நடுவில் மிளகைப் போல ஒரு கண்.

அந்த பெஞ்சில் நான் கழித்த காலைகளை எப்படிச் சொல்வது? இரவுகளில் எனக்குத் தூக்கம் இல்லை. அவன் அறையிலிருந்து ஏதாவது சத்தம் வருகிறதா என்று காது விழித்தே இருக்கும். அதனால் அந்த மரத்தடியில், இதமான ஈரக் காற்றில், உட்கார்ந்தபடியே கண் செருகிவிடும். முழுத் தூக்கம் இல்லை. கைபேசி உள்ளங்கையில் ஒருமுறை அதிரும், பாதிக் கண்ணால் பார்ப்பேன். பச்சைக்காலி. மறுபடி கண்ணை மூடினால் இமைக்குள்ளே வெளிர்பச்சைக் கால் ஒன்று நீரில் இறங்கும். அதைச் சுற்றி வட்டம் வட்டமாக அலை விரியும். அடுத்த அதிர்வு. செம்பருந்து. உடனே நீர் போய் வானம் வரும். அவன் நடக்கும் இடமெல்லாம் இப்படித் துண்டு துண்டாக என் தூக்கத்துக்குள் வந்து சேரும். சில சமயம் அந்தப் பறவைகள் எங்கள் வீட்டு மேசைமேல் நடக்கும். சில சமயம் நான் மொழிபெயர்த்த அறிவிப்புகளின் வரிகளுக்கு நடுவே நாரை ஒன்று காலைத் தூக்கித் தூக்கி வைத்துப் போகும். பூங்காவுக்கு வரும் பள்ளிப் பிள்ளைகளின் பேச்சு தொலைவில் நீரோசைபோலக் கேட்கும். விழித்துப் பார்த்தால் நிழல் என் காலடியிலிருந்து நகர்ந்து பாதைக்குப் போயிருக்கும். அந்த மாதங்களில் எனக்குக் கிடைத்த நல்ல தூக்கமெல்லாம் அங்கேதான், அந்தப் பெயர்களுக்கு இடையில்தான்.

பறவைகள் திரும்பிப் போகும் பருவம் நெருங்கிய ஒரு வெள்ளிக்கிழமை அவன் கைபேசி ஓயாமல் ஒலித்தது. படமெடுப்பவர்கள் ஒரு குழு வைத்திருக்கிறார்கள். அபூர்வமான பறவை எதுவும் வந்தால் அதில் தகவல் பறக்கும். இந்தத் தீவுக்கு எப்போதாவது வழிதவறினாற்போல வந்து, வந்த சுவடு தெரியாமல் போய்விடும் ஒரு சின்னக் கரைப்பறவை சுங்கை பூலோவில் இறங்கியிருக்கிறதாம். குருவியைவிடச் சற்றே பெரிது. தலையில் இரட்டைக் கோடு, அலகின் நுனி மட்டும் கீழே மடங்கினாற்போல் இருக்கும். மற்ற பறவைகளுக்கு நடுவில் நின்றால் தெரியாதவர்களுக்குத் தெரியவே தெரியாது. அவன் அதுவரை பார்த்ததில்லை.

சனிக்கிழமை காலை அவன் கண் சிவந்திருந்தது.

"தூங்கினியா?"

"தூங்கினேன்மா."

அவன் அறைக் கதவின் கீழே வெளிச்சம் இருந்ததை நான் பார்த்திருந்தேன். தூக்கம் கெட்டால் வலிப்பு வரலாம் என்பது அவனுக்கும் தெரியும். ரொட்டியில் பாதியைத் தட்டிலேயே விட்டுவிட்டு கேமராப் பையைத் தூக்கினான்.

பஸ்ஸில் அவன்தான் ஆரம்பித்தான். "அடுத்த வாரத்துலேர்ந்து நான் தனியா வர்றேன்மா."

"பாக்கலாம்."

"நீங்க பாக்கலாம்னா நோன்னு அர்த்தம். சின்ன வயசுலேர்ந்து எனக்குத் தெரியும்."

"இல்ல, பாக்கலாம்னுதான் சொல்றேன்."

"டாக்டர் போகலாம்னு சொன்னாரு. அப்பா போகலாம்னு சொன்னாரு. இன்னும் யாரு சொல்லணும்? எம்.பி.யா?"

நான் சன்னல் வழியே பார்த்துக்கொண்டு வந்தேன். அவன் கேட்டது பெரிய விஷயம் இல்லை. இருபது வயது ஆண்பிள்ளை பஸ் ஏறி ஒரு பூங்காவுக்குப் போய்வர வேண்டும் என்கிறான். இந்த ஊரில் எட்டு வயதுப் பிள்ளைகள் தனியாக ரயில் ஏறுகின்றன. ஆனால் நான் சரி என்று சொன்ன பிறகு அவன் எங்காவது விழுந்தால்? பலகைப் பாதைக்குக் கீழே சேறு. சேற்றில் முகம் குப்புற விழுந்தவனை யார் வந்து புரட்டிப் போடுவார்கள்? என் மனம் இந்த இடம்வரை வந்து, இதைத் தாண்ட முடியாமல் மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

பெஞ்சில் உட்கார்ந்தேன். அவன் திரும்பிப் பார்க்காமல் போனான். முதலில் மீன்கொத்தி வந்தது. பிறகு பவளக்காலி. பிறகு உப்புக்கொத்தி. எனக்குக் கண் செருகியது. அதன்பின் கைபேசி நெடுநேரம் அதிரவில்லை என்பதே எனக்குத் தூக்கத்துக்குள்தான் தெரிந்தது. நிசப்தம் என்னை உலுக்கி எழுப்பியது என்றுதான் சொல்ல வேண்டும். நிமிர்ந்து பார்த்தேன். நிழல் நகர்ந்திருந்தது. அவனை அழைக்கலாமா, மேடையில் சத்தம் கேட்டால் கோபப்படுவானா என்று கட்டைவிரல் திரைக்கு மேலேயே நின்றுகொண்டிருந்தபோது செய்தி வந்தது. ஒற்றைச் சொல் இல்லை. ஒரு முழு வாக்கியம்.

'மேடைக்குக் கீழே சேற்றில் உள்ளான்.'

அவன் கைபேசியிலிருந்து வேறு யாரோ. அப்படித்தான் எனக்குப் பட்டது. என் மகன் இப்படி எழுத மாட்டான். இது படித்த ஒருவர் நிதானமாக எழுதிய தமிழ். மேடையிலிருந்த யாரோ அவன் கைபேசியை எடுத்து, 'அம்மா' என்ற பெயரைத் தேடி, எனக்குத் தெரியப்படுத்துகிறார். அவன் கீழே உள்ளான். சேற்றில் உள்ளான். 'கெடக்குதும்மா' என்பதை அறிவிப்புத் தமிழில் எழுதினால் எப்படி இருக்குமோ அப்படியே இருந்தது. நானே எழுதியிருக்கக்கூடிய வாக்கியம்.

ஓடினேன். செருப்பு ஒன்று எங்கோ கழன்றது. பலகைகள் காலடியில் அதிர்ந்தன. பக்கத்துக் கண்டல் வேர்களில் உடும்பு ஒன்று தலையைத் திருப்பிப் பார்த்தது. கனவில் ஓடும்போது தூரம் குறையாதே, அதுபோல அந்தப் பாதை நீண்டுகொண்டே போயிற்று. மேடை கண்ணில் பட்டதும் அடிவயிற்றிலிருந்து கத்தினேன்.

"தம்பீ! தம்பீ!"

குளம் எழுந்தது.

வேறு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. சேறு என்று நான் நினைத்திருந்த பழுப்பு நிறத் தரை முழுவதும் ஒரே சமயத்தில் மேலே எழும்பியது. நூற்றுக்கணக்கான சிறகுகளின் உள்பக்க வெண்மை ஒருகணம் பளீரென்று மின்னி, சாய்ந்து, இருண்டு, மறுபடி மின்னி, மரங்களுக்கு மேலே போய் வானத்தில் பொடிப் பொடியாகச் சிதறியது. சத்தம் பிறகுதான் வந்தது, துணியை உதறியதுபோல. அதன்கீழே வெறும் சேறு. யாரும் விழுந்து கிடக்கவில்லை. சின்னச் சின்னக் கால் தடங்கள் மட்டும்.

மேடையில் வரிசையாக நின்ற கேமராக்களுக்குப் பின்னாலிருந்து முகங்கள் ஒவ்வொன்றாக என் பக்கம் திரும்பின. அதில் ஒன்று என் மகனுடையது.

"அய்யோ, ஆன்ட்டி" என்றார் தொப்பி போட்ட சீனப் பெண்மணி ஒருவர், மிக மெல்லிய குரலில். "ஃப்ளை அவே ஆல்ரெடி லா."

அவருக்கு அடுத்தாற்போல் பீரங்கி மாதிரி ஒரு லென்ஸோடு நின்ற வயதான தமிழர் ஒருவர் சேற்றை எட்டிப் பார்த்தார். "என்னம்மா, முதலையா?"

நான் மகனின் முகத்தைப் பார்த்தேன், கையைப் பார்த்தேன், காலைப் பார்த்தேன். சேறு எங்கும் இல்லை.

"நீ விழுந்துட்டேன்னு மெசேஜ் வந்துச்சு."

"யாரு அனுப்புனா?"

"உன் ஃபோன்லேர்ந்து. சேற்றில் உள்ளான்னு."

அவன் குரலை அடக்கிக்கொண்டு ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னான். "உள்ளான்மா. உள்ளான்! அந்த பேர்ட்! நீங்கதான் பேர் கண்டுபிடிச்சுக் குடுத்தீங்க!"

ஆமாம், நான்தான். அந்தக் குடும்பத்துச் சின்னக் கரைப்பறவைகளுக்கெல்லாம் தமிழில் உள்ளான் என்று பெயர். சில வாரங்களுக்கு முன் நானே தேடிக் கொடுத்து, 'எங்கே உள்ளான், இங்கே உள்ளான்' என்று இருவரும் விளையாடியும் இருக்கிறோம். இந்த அபூர்வப் பறவையும் ஓர் உள்ளான்தான். பதற்றத்தில் பெயர் போய்விட்டது, வினை மட்டும் மிஞ்சியது. வேறு எந்த மொழியில் அவன் அதை அனுப்பியிருந்தாலும் அந்தப் பறவை அங்கேயே தூங்கிக்கொண்டிருந்திருக்கும்.

பறவையைப் பயமுறுத்திப் பறக்கவைப்பதை அவர்கள் கிளப்பிவிடுவது என்று சொல்வார்கள். அந்தக் கூட்டத்தில் அதைவிடப் பெரிய குற்றம் இல்லை. என்னை யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கடல் இன்னும் ஏறுகிறது, திரும்ப வரும் என்று சொல்லிக் காத்திருந்தார்கள். பவளக்காலிகள் வந்தன. உப்புக்கொத்திகள் வந்தன. நான் ஒற்றைச் செருப்போடு மூலையில் நின்றேன். இரட்டைக் கோட்டுத் தலை வரவேயில்லை. ஒவ்வொருவராகக் கேமரா முக்காலியை மடக்கினார்கள்.

அந்தத் தமிழர் போகும்போது என் மகனின் தோளில் தட்டினார். "உங்கம்மா குரலுக்கு ஜோகூர்லேர்ந்தே எல்லாம் கெளம்பியிருக்கும்பா. நல்ல வேளை, நான் காலையிலயே எடுத்துட்டேன்."

"நான் எடுக்கல அங்கிள்."

"ஒண்ணுகூடவா?"

"மெசேஜ் டைப் பண்ணிட்டு இருந்தேன்."

அப்போதுதான் கைபேசியை மறுபடி பார்த்தேன். ஓடிக்கொண்டிருந்தபோது இரண்டாவது செய்தி வந்திருக்கிறது. 'மெதுவா வாங்கம்மா. உங்களுக்குக் காட்டணும்.' என்னைப் பின்னால் வராதே என்று சொன்னவன், முதல்முறையாக வா என்று கூப்பிட்டிருக்கிறான். படமெடுக்க வேண்டிய நேரத்தில் அதைத் தட்டிக்கொண்டிருந்திருக்கிறான்.

திரும்பும் பஸ் கிராஞ்சியை நெருங்கும்போது அவன் கேட்டான், "அன்னிக்கு செங்காங்ல ஃபோன் பண்ணினவரு என்ன சொன்னாரு?"

இதற்குமுன் அவன் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை.

"தம்பி இங்க கெடக்குதும்மா, மூச்சு இருக்குன்னு சொன்னாரு."

அவன் கேமராப் பையின் பட்டையை விரலில் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தான்.

"எனக்கு அந்த நாள் ஞாபகமே இல்லம்மா. பஸ்லேர்ந்து இறங்குனது தெரியும். அப்புறம் ஆஸ்பத்திரி சீலிங். நடுவுல ஒண்ணும் இல்ல. அது உங்ககிட்ட மட்டும்தான் இருக்கு."

அவனுக்கு நேர்ந்த ஒன்றை அவனைவிட அதிகமாக நான் வைத்துக்கொண்டிருக்கிறேன் என்பது அதுவரை எனக்குத் தோன்றியதே இல்லை.

"அடுத்த வாரம் நான் தனியா போறேன்" என்றான். கெஞ்சவில்லை, சண்டைக்கும் வரவில்லை. "மெசேஜ் அனுப்ப மாட்டேன். அனுப்ப ஆரம்பிச்சா நீங்க படிச்சிட்டே இருப்பீங்க, நான் டைப் பண்ணிட்டே இருப்பேன்."

அந்த வாரம் முழுவதும் நான் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. என் கணவரிடம் கேட்டேன். சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டே அவர், "நீ சொல்லலன்னாலும் போவான். சொன்னா சந்தோஷமா போவான்" என்றார். வெள்ளிக்கிழமை சாப்பிடும்போது அவனிடம், "மாத்திரைய பையோட முன் ஜிப்ல வச்சுக்க. உள்ள போட்டா தேட நேரமாகும்" என்றேன். அவன் தலையை ஆட்டினான். எங்கள் வீட்டில் அதுதான் சம்மதம்.

சனிக்கிழமை நான் வீட்டில் இருக்கவில்லை. இருந்தால் சன்னலோரம் நிற்பேன் என்று தெரியும். தேக்காச் சந்தைக்கு மீன் வாங்கப் போனேன். ஈரத் தரை, பனிக்கட்டி, மீன் செதில்கள், விளக்கொளி எல்லாம் நீருக்கடியில் இருப்பதுபோல் ஆடின. எல்லாருடைய பேச்சும் எனக்குக் கொஞ்சம் தாமதமாக வந்து சேர்ந்தது. மீன்காரர் எதையோ கேட்டுக்கொண்டே இருந்தார்.

"அக்கா! தெங்கிரிய துண்டு போடவா, முழுசாவா? அது உங்களையே பாத்துக்கிட்டு கெடக்கு. ஒரு பதில் சொல்லி அனுப்புங்க."

அவர் வாயிலிருந்து 'கெடக்கு' வந்ததும் கைபேசியை எடுத்துப் பார்த்தேன். துண்டு போடச் சொன்னேன். பணத்தைக் கொடுத்துவிட்டு மீனை விட்டுவிட்டுப் போனேன். பின்னாலிருந்து கூப்பிட்டுக் கையில் கொடுத்தார்.

வெளியே வந்து பூக்கடைகளைத் தாண்டி நடந்தேன். மல்லிகையை அளந்துகொண்டிருந்த பெண் முழத்துக்கு முழம் கையை விரித்து மடக்குவதை எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று தெரியாது. ஒரு சிறகு விரிந்து மடங்குவதுபோலவே இருந்தது. வெயில் ஏறியது. சாப்பாட்டுக் கடைகளின் பக்கம் வந்து ஒரு மேசையில் உட்கார்ந்தேன். தே தாரிக் தேநீர் ஒன்று வாங்கினேன். கைபேசியைக் கவிழ்த்து வைத்தேன். நிமிர்த்தினேன். மறுபடி கவிழ்த்தேன். கடல் இப்போது ஏறியிருக்கும். சேறு மூழ்கியிருக்கும். எல்லாம் உள்ளே வந்திருக்கும். பறவைகளின் பெயர்களை மனசுக்குள் நானே சொல்லிப் பார்த்தேன். யாரும் அனுப்பாத பெயருக்கு வலு இல்லை. இமைக்குள் எந்தக் காலும் நீரில் இறங்கவில்லை.

கைபேசி ஒலித்தது. செய்தி இல்லை, அழைப்பு. திரையில் அவன் பெயர்.

அவன் பெயர் வந்தால் குரல் அவனுடையதாக இருக்கும் என்று இனி என் உடம்பு நம்பாது. எடுத்துக் காதில் வைத்தேன். ஹலோ என்று சொல்லவில்லை.

"அம்மா? இருக்கீங்களா? எங்க இருக்கீங்க?"

"தேக்காவுல."

"நானும் வரவா? செம பசி."

வந்தான். முகம் வெயிலில் கறுத்திருந்தது. கோழி பிரியாணி வாங்கிக்கொண்டு எதிரில் உட்கார்ந்தான். பாதித் தட்டைக் காலி செய்தான். பிறகு, எலும்பை ஓரமாக ஒதுக்கியபடி, வேறு யாரையோ பற்றிச் சொல்வதுபோலச் சொன்னான்.

"இன்னிக்கு ஒரு தடவ அந்த வாசனை வந்துச்சு."

வலிப்புக்கு முன்னால் அவனுக்கு ரப்பர் எரிவதுபோல ஒரு வாசனை வரும். வேறு யாருக்கும் வராது. என் கை மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டது.

"பயப்படாதீங்க. வந்த உடனே கேமராவ மடில வச்சுக்கிட்டு தரையில உக்காந்துட்டேன். அந்த அங்கிள் இருந்தாரு, அன்னிக்கு முதலையான்னு கேட்டாருல்ல, அவரு. அவர்கிட்ட சொன்னேன்."

"என்ன சொன்ன?"

"எனக்கு ஃபிட்ஸ் வரும் அங்கிள், வந்தா பக்கவாட்டுல படுக்க வைங்க, வாயில ஒண்ணும் வைக்காதீங்க. ரொம்ப நேரம் நிக்கலன்னா ஆம்புலன்ஸுக்கு சொல்லுங்க. ஆனா எங்கம்மாவுக்கு ஃபோன் பண்ணாதீங்கன்னு."

"எனக்கு ஏன் பண்ணக்கூடாது?"

அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான்.

"எழுந்ததும் நானே பண்றேன்னு சொன்னேன். என் குரல்லதான் நீங்க கேக்கணும்."

சுற்றிலும் தட்டுகளின் ஓசை, யாரோ யாரையோ டோக்கன் எண் சொல்லிக் கூப்பிடும் ஓசை.

"அப்புறம்?"

"வரல. வாசனை போயிருச்சு. அங்கிளும் பக்கத்துல கீழ உக்காந்துட்டாரு. முட்டி வலிக்குது, இப்ப என்னைய யாரு தூக்குறதுன்னு அவரு ஒரே புலம்பல்."

"அந்தப் பறவை?"

"இல்ல. வடக்க போயிருக்கும். இனிமே எப்ப வருமோ." தண்ணீரைக் குடித்தான். "அடுத்த சனிக்கிழமை பாசிர் ரிஸ் பக்கம் போகலாம்னு இருக்கேன். அங்க சீக்கிரமே போகணும். ஆறு மணிக்கெல்லாம் கெளம்பணும்."

ஆறு மணிக்கு இருட்டாக இருக்கும். தீவின் மறுகோடி. இரண்டு ரயில் மாற வேண்டும். நடைமேடை விளிம்புகள், நகரும் படிக்கட்டுகள், தூக்கம் குறைந்த கண்கள் என்று என் மனம் அதன் வழக்கமான வேலையைத் தொடங்கிவிட்டது. அது நிற்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. அது பாட்டுக்கு ஓடட்டும் என்று விட்டேன்.

"வெள்ளிக்கிழமை சீக்கிரம் படு" என்றேன்.

"சரிம்மா" என்றான். மீன் பையை அவனே தூக்கிக்கொண்டான்.